கஞ்சிக்கோட்டில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் குழி வெட்டியது

உடுமலைப்பேட்டை பஸ்ஸில் கடப்பாரையோடு ஏறக்கூடாது என்று கண்டக்டர் சொன்னார். பஸ்ஸில் பாதி சீட் காலி.

"ஏனுங்க, சாக்குக்குள்ள வேற என்னங்க இருக்குது?"

"மம்பட்டி."

"எந்த வேலைக்குப் போறீங்க?"

"குழி வெட்ட."

"யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாக்கைக் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளச் சொன்னார். "யாரும் கேட்டா என்ர பஸ்ஸுன்னு சொல்லாதீங்க" என்றார்.

சின்னாறு செக்போஸ்ட்டில் இறக்கினார்கள். மறையூர்ப் பக்கமிருந்து கடப்பாரையோடு வருகிறவன் சந்தன வேர் தோண்டுகிறவன்தான் என்று அங்கே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கார்டு கடப்பாரையை மோந்து பார்த்தார். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷம் எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். ஒரு இலை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. கடப்பாரையை மோந்து பார்க்கிறார்கள்.

நான் மறையூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறேன். பெயர் இசக்கிமுத்து. நாங்கள் குடியிருக்கிற லயத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது நான்தான். அதற்கென்று ஆள் போட்டது கிடையாது. எனக்குக் கை வரும் என்று விட்டுவிட்டார்கள். போன வருஷம் எஸ்டேட் பங்களாவில் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரப் பெண் நான் குழி வெட்டுவதைத் தேயிலைச் செடிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். கேட்காமல் படமும் பிடித்திருக்கிறாள். செத்தது எங்கள் கங்காணி. அழுதுகொண்டு நின்றவர்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள்.

அவள் பாட்டு நாடகம் போடுகிறவளாம். பேச்சே கிடையாது, எல்லாம் பாட்டு. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் மூடிக்கிடக்கிற ஒரு மில் ஷெட்டில் ஒரு நாள் போட்டுவிட்டுப் பிறகு ஊர் ஊராகப் போகிறார்கள். நாடகத்தில் நிஜமாகவே மண்ணை வெட்டிக் குழி எடுக்க வேண்டும், அதற்கு அந்த ஆள்தான் வேண்டும் என்று பங்களா சமையல்காரர் மூலம் சொல்லி அனுப்பினாள். மாட்டேன் என்றேன். என் பெண்டாட்டி சுப்புத்தாய்தான் போகச் சொன்னாள்.

"பொணமில்லாத குழின்னு சொல்லுதாக. போயிட்டு வாங்களேன். ஒரு மாத்தமா இருக்கும்."

அப்படித்தான் கிளம்பினேன்.

எங்கள் ஊரிலிருந்து பாலக்காட்டுக்குப் போவது என்றால் கேரளாவை விட்டு இறங்கி, தமிழ்நாட்டைக் கடந்து, மறுபடி கேரளாவுக்குள் நுழைய வேண்டும். பொள்ளாச்சியில் மாறிய பஸ் மீனாட்சிபுரத்தில் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டது என்றார்கள். ஒன்றரை மணி நேரம் ரோட்டோர டீக்கடை முன்னால் நின்றோம். ஒருத்தர் பால் கேனோடு வந்து, "நம்மூர்ல பஸ்ஸு நின்னாத்தான் நாலு பேரு எங்க பாலைக் குடிக்கறாங்க" என்று சிரித்தார். டீ நன்றாக இருந்தது. பால் கெட்டி. தேயிலைதான் தூசி. நாங்கள் கொழுந்து பறிக்கிறோம், எங்களுக்கும் இவர்களுக்கும் தூசிதான் வருகிறது.

மாசி வெயில். மலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறியவன், கஞ்சிக்கோட்டில் இறங்கும்போது சட்டையைப் பிழியலாம். அங்கே காற்று உண்டு. அதுவும் சூடு.

ஷெட் வாசலில் காவலுக்கு ராசு என்று ஒருத்தர். கொழிஞ்சாம்பாறைக்காரர். ஏழு தென்னை, இரண்டு மாடு, பகலில் இந்தக் காவல்.

"ஏனுங்ணா, குழி வெட்டறதுக்கு இடுக்கியில இருந்தா ஆளக் கூட்டியாறாங்க? நானெல்லாம் குழி வெட்டறதில்லீங்களா?"

"நீங்க எதுக்கு வெட்டுவீக?"

"தென்னைக்குத்தானுங்க."

"நான் ஆளுக்கு."

அதன் பிறகு அவர் பீடி கொடுத்தார். அன்று ராத்திரி அவருடைய காவல் அறையிலேயே படுத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அந்தப் பிரெஞ்சுக்காரப் பெண் வந்தாள். பெயர் எலோடி. எங்கள் பக்கம் வெள்ளைக்காரப் பெண்ணைத் துரைசானி என்போம். அப்படிக் கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடு என்றாள். எனக்கு வாயில் வரவில்லை. அம்மா என்று வைத்துக்கொண்டேன். என்னை விட இருபது வயது சின்னவள்.

அவள் பேசுவதை எனக்குச் சொல்ல ருக்மிணி டீச்சர் என்று ஒருவர் இருந்தார். கல்பாத்தி அக்ரஹாரம். பிரெஞ்சு பாடம் எடுத்து ரிட்டயர் ஆனவர். குழி வெட்டப்போகிற இடத்திலிருந்து இருபதடி தள்ளித்தான் நிற்பார்.

"நீங்கோ தப்பா நினைச்சுக்காதேங்கோ. பொய்யாத்தான் வெட்டினாலும் குழி குழிதான். நான் ஆத்துக்குப் போய்க் குளிச்சுட்டுத்தான் அடுக்களைக்குள்ள போவேன், கேட்டேளா?"

"சரி டீச்சர்."

டீச்சர்தான் கதையைச் சொன்னார். கிரேக்க தேசத்தில் ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி நடந்த கதையாம். அண்ணன் தம்பி இரண்டு பேர் அரசுக்காகச் சண்டை போட்டு இரண்டு பேரும் செத்துப்போகிறார்கள். புது ராஜா ஒருத்தனுக்கு மரியாதையோடு சவ அடக்கம் செய்கிறான். இன்னொருத்தனை நாயும் காக்காயும் தின்னட்டும், யாரும் மண் போடக்கூடாது என்று உத்தரவு போடுகிறான். கூடப்பிறந்தவள் கேட்கவில்லை. போய்த் தன் கையால் மண் அள்ளிப் போடுகிறாள். ராஜா அவளைப் பிடித்து உயிரோடு அடைத்துவிடுகிறான்.

இதை இந்தக் காலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். ராஜாவுக்குக் கிரீடம் இல்லை. கோட், டை, கையில் ஃபைல். ஃபைலைப் பார்த்துத்தான் உத்தரவைப் பாடுவான்.

எங்கள் மேனேஜரும் ஃபைல்தான் வைத்திருந்தார். என் அண்ணன் ரிட்டயர் ஆகி எட்டு மாதத்தில் செத்தான். ரிட்டயர் ஆனவன் தொழிலாளி இல்லை, எஸ்டேட் சுடுகாட்டில் இடம் இல்லை, கீழே பொதுச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோ என்றார். காலையிலிருந்து மத்தியானம் வரை பிணத்தை லயத்து வாசலில் வைத்துக்கொண்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் நடந்தோம். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணில் மருந்தடித்தவன். கடைசியில் நான் யாரையும் கேட்கவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு போய் அப்பா பக்கத்தில் வெட்டிப் புதைத்தேன். எனக்கு மெமோ கொடுத்தார்கள்.

டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை. கதை புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்றேன்.

வெட்ட வேண்டிய இடத்தில் சிமென்ட் தரையை உடைத்து வைத்திருந்தார்கள். அடியில் மில் சாம்பல், இரும்புத் தூள். அதன் மேல் பத்து லோடு செம்மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். நாடகத்தில் என் வேலை இதுதான். தொடக்கத்தில் நான் குழியை வெட்டி முடிப்பேன். தம்பியைக் கொண்டுவந்து கிடத்துவார்கள். ராஜா வேண்டாம் என்பான். நான் மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம்.

பிணமாக நடிக்கிறவனை அளந்துகொள் என்றாள் எலோடி. மலையில் நான் பிணத்தைக் குச்சியால் அளந்ததைப் பார்த்திருக்கிறாள். அளந்த குச்சியை முறித்துக் குழிக்குள் போட்டுவிடுவோம். பிணமாக நடிக்கிறவன் அப்போது நேந்திரங்காய் வறுவல் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"உசுரோட இருக்கவன அளக்க மாட்டேன்னு சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சொன்னார். எலோடி கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "த்ரே போ" என்றாள். நோட்டைத் திறந்து எழுதினாள்.

"என்ன சொல்லுது?"

"ரொம்ப அழகுன்றா."

அழகு என்று நான் சொல்லவில்லை. மாட்டேன் என்றுதான் சொன்னேன்.

கண்ணளவில் வெட்டினேன். தெற்கு வடக்கு. சாயங்காலம் ஒத்திகை முடிந்ததும் மண்ணைத் திரும்பத் தள்ள ஆரம்பித்தேன். ஓடி வந்து தடுத்தார்கள். நாளைக்கும் இந்தக் குழிதான், எதற்கு மூடுகிறாய் என்றார்கள். வெட்டின குழியை வெறுமையாக ராத்தங்க விடக்கூடாது. விட்டால் அது ஆள் கேட்கும். எங்கள் ஊரில் பிணம் வரத் தாமதமானால் ஒரு வாழைக்கட்டையையாவது கிடத்திவிட்டுத்தான் வருவோம். இதைச் சொன்னேன். டீச்சர் பிரெஞ்சில் சொல்வதற்கு முந்தி என்னிடம், "அதாக்கும் சரி" என்றார். ராசு எங்கேயோ போய் ஒரு வாழைக்கட்டை கொண்டுவந்தார். கிடத்தினேன்.

மறுநாள் காலையில் எலோடி அந்த வாழைக்கட்டையைப் பல பக்கமிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இதையும் நாடகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாள். த்ரே போ.

நான் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னாலும் அவளுக்கு அழகாக இருக்கிறது. அவள் திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். அழகு என்கிறவளிடம் என்ன பேச.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் கொச்சியிலிருந்து வரவழைத்த ரொட்டி. ஓடு மாதிரி. அதைக் கையால் பிய்க்கும்போது தூள் பறக்கும். மத்தியானம் தின்றுவிட்டு வெயில் தாளாமல் அவர்கள் வந்த ஏ.சி. பஸ்ஸுக்குள் போய் எல்லோரும் இரண்டு மணி நேரம் தூங்குவார்கள். ராசுவும் நானும் ரோட்டுக் கடையில் பரோட்டா. டீச்சர் டப்பாவில் மொளகூட்டல் குழம்பு கொண்டுவருவார். முதல் தடவை, மேலே பட்டுவிடாமல் கரண்டியைத் தூக்கிப் பிடித்து என் இலையில் விட்டார். நான் அதைத் தொடவில்லை. அவரும் பார்த்தார். மறுநாள் டப்பாவையே நீட்டினார். சாப்பிட்டேன். தேங்காய் நன்றாக அரைத்திருந்தது.

கூடப்பிறந்தவளாகப் பாடுகிறவள் பெயர் கிளேர். முப்பத்தைந்து இருக்கும். குரலைக் குறை சொல்ல மாட்டேன். மைக் கிடையாது. மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தகர ஷெட் அதிர்ந்தது. புறாக்கள் எழுந்து பறந்தன.

மூன்றாம் நாள் காலையில் குழாயடியில் மம்பட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். முகம் கழுவினாள். நான் கொண்டுவந்திருந்த நெல்லிக்காய் ஊறுகாய் பாட்டில் திட்டில் இருந்தது. அதைக் காட்டிக் கேட்டாள். கொடுத்தேன். நின்றபடியே மூன்று காய் தின்றாள். எனக்கு மூன்று பிள்ளைகள். எனக்குத் தெரியாதா.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு வந்தார்.

"நாலாம் மாசமாம். இங்க ஒருத்தருக்கும் தெரியாதாம். தெரிஞ்சா வேஷத்தை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவாளாம். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணினாளாம். யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு என் கையைப் பிடிச்சுண்டு நிக்கறா."

அன்று மத்தியானம் நாடகத்தின் கடைசிப் பகுதியை முதல் தடவை பார்த்தேன். ராஜா உத்தரவு போடுகிறான். கிளேரைக் கொண்டுவருகிறார்கள். அடைக்க வேறு குகையோ அறையோ வைத்திருப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். வாழைக்கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அவளை நான் வெட்டின குழிக்குள் இறக்கினார்கள். அவள் உள்ளே நீட்டிப் படுத்தாள். மேலே பலகை போட்டார்கள்.

நான் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

வாயும் வயிறுமாக இருக்கிறவள் சாவு வீட்டுப் பக்கமே போகக்கூடாது. எங்கள் லயத்தில் பிணம் தூக்கினால் பிள்ளைத்தாச்சிகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்துவார்கள். இவளைப் பிணக்குழிக்குள் படுக்க வைக்கிறார்கள். அதுவும் என் கையால் வெட்டின குழி.

எலோடியிடம் போனேன். வயிற்றைப் பற்றிச் சொல்ல முடியாது. வேறு எதைச் சொல்ல?

"பொணத்துக்கு வெட்டுன குழியில உசுர எறக்கக்கூடாதுன்னு சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். எலோடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கதையே அதுதான் என்றாளாம். அந்த ராஜா செய்த பாவமே அதுதான், நீ சொன்னதைத்தான் நாங்கள் இரண்டு மணி நேரம் பாடுகிறோம் என்றாளாம். நோட்டில் எழுதினாள்.

பாவம் என்று தெரிகிறது. தெரிந்துகொண்டு தினம் செய்கிறார்கள். கேட்டால் அழகு.

நான் ஊருக்குப் போகிறேன் என்றேன். அதற்கும் கோபப்படவில்லை. வருத்தமாக இருக்கிறது, ஆனால் புரிகிறது, குழி இருக்கிறது, ஓரமாக நிற்க ராசுவைப் போட்டுக்கொள்கிறோம் என்றாள். ராசு தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

ஆக, நான் போனாலும் அவள் உள்ளே இறங்குவாள்.

கிளேரே என்னிடம் வந்தாள். டீச்சரை வைத்துக்கொண்டு பேசினாள். எனக்குப் பயம் இல்லை, வயிற்றில் இருப்பது நன்றாக இருக்கிறது, இந்த வேஷத்துக்காக ஏழு வருஷம் காத்திருந்தேன், தயவுசெய்து சத்தம் போடாதே என்றாள்.

"உங்களுக்குப் பயமில்லன்னா சரி. எனக்கு இருக்கு" என்றேன்.

டீச்சர் அதைப் பிரெஞ்சில் சொல்லவில்லை. "அவளை என்னத்துக்குப் பயமுறுத்தணும்" என்றார்.

அன்றைக்கும் வாழைக்கட்டையைக் கிடத்தினேன். ராசு அறையில் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஒரு குழி எப்படிப் பிணக்குழி ஆகிறது? ஆழத்தால் இல்லை. தெற்கு வடக்காக, ஆள் நீளத்துக்கு, ஆளை நினைத்து வெட்டினால் அது பிணக்குழி. அப்படி வெட்டாத குழியில் ஆடு இறங்குகிறது, மாடு இறங்குகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

நான்காம் நாள். அன்றைக்குத்தான் நாடகம். மத்தியானம் எல்லோரும் பஸ்ஸுக்குள் தூங்கப் போனதும் ராசுவைக் கூப்பிட்டேன்.

"தென்னைக்குக் குழி என்ன அளவு?"

"மூணுக்கு மூணுங்க. ஆழமும் மூணு. எதுக்குங்ணா?"

சொன்னேன். வயிற்று விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் பஸ்ஸைப் பார்த்தார்.

"அந்த அம்மிணி எந்திரிச்சு வந்தா நம்மளையும் உள்ள போட்டு மூடிப்போடும்."

"குழி கேட்டாக. குழி இருக்கும்."

"அதுவுஞ் சரிதானுங்க."

வாழைக்கட்டையை உள்ளேயே வைத்துப் பழைய குழியை மூடி மிதித்தேன். அதிலிருந்து நாலடி தள்ளிச் சதுரமாகக் கோடு போட்டோம். இரண்டு பேரும் வெட்டினோம். இந்த மண்ணுக்கு எப்படிச் சரிவு எடுக்க வேண்டும் என்று ராசு எனக்குச் சொன்னார். மார்பு ஆழம் கூட வரவில்லை. இடுப்புக்குக் கொஞ்சம் மேலே.

"அடியில மட்டை அடுக்கோணுமுங்க. இல்லாட்டி அது தென்னங்குழியே இல்லீங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு சாக்கு தேங்காய் மட்டை கொண்டுவந்தார். குழிந்த பக்கம் மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்கினார். கன்று வைக்கிற மாதிரியே செய்தார். முடித்துவிட்டு எட்டிப் பார்த்து, "எங்கூட்டுத் தென்னைக்கே இத்தன அழகா அடுக்குனதில்லீங்க" என்றார்.

மூன்றரை மணிக்கு எலோடி வந்தாள். பத்து நிமிஷம் கத்தினாள். முதல் தடவையாக என்னை அழகு என்று சொல்லவில்லை.

"என்ன டீச்சர் சொல்லுது?"

"கோவமா இருக்கா" என்றார் டீச்சர்.

விளக்கெல்லாம் பழைய குழிக்கு வைத்திருக்கிறதாம். கிளேர் இதில் படுக்க முடியாது, தலை வெளியே தெரியும், எல்லாம் நாசம். திரும்ப வெட்டு என்றாள். வாசலில் ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். திரும்ப வெட்ட மூன்று மணி நேரம் ஆகும் என்றேன். அது உண்மை.

"ஏன் செஞ்சேன்னு கேக்கறா."

கிளேர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"அண்ணன் தம்பிக்குக் கேட்டா வெட்டித் தாறேன். உசுரோட இருக்கவுகளுக்கு என் கையால பொணக்குழி வெட்ட மாட்டேன். இது தென்னங்குழி. இதுல யாரு வேணா எறங்கலாம்னு சொல்லுங்க."

டீச்சர் இருபதடியிலிருந்து நடந்து வந்தார். குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னார். எலோடி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"எழுத வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன். "இது அழகுக்குச் செஞ்சதில்ல."

டீச்சர் அதையும் சொன்னார். கொஞ்சம் உரக்கவே சொன்னார். எலோடி என்னைப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டாள்.

கிளேர் யாரையும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். மட்டை மேல் நின்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு வரி பாடினாள். பாடிவிட்டு எலோடியிடம் ஏதோ சொன்னாள். இங்கிருந்து மூச்சு நன்றாக வருகிறது என்றாளாம். விளக்குக்காரர்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஐந்தரைக்குத் தொடங்கியது. வெளிச்சம் இன்னும் இருந்தது. கம்பெனி ஷிப்ட் முடிந்தவர்கள், கல்பாத்தியிலிருந்து பட்டுப்புடவைகள், ஒடிசாக்காரத் தொழிலாளிகள், எல்லோரும் வந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ராஜா கோட்டோடு வந்து ஃபைலைப் பிரித்து உத்தரவைப் பாடியபோது பின்னாலிருந்து ஒருத்தர், "நம்ம ஹெச்.ஆரே தானுங்க" என்றார். அந்த வரிசையே சிரித்தது. அதன் பிறகு எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

பிணம் கிடந்தது. நான் நின்றேன். கொசு கடித்தபோது பிணம் காலை ஆட்டியது. கிளேர் வந்து தம்பி மேல் மண் போட்டாள். முகத்தில் போட்டாள். கால் பக்கமிருந்துதான் போட வேண்டும். பெண்பிள்ளைகள் எங்கள் ஊரில் குழி வரை வருவதில்லை, அதனால் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்பு.

அவளை இழுத்துவந்து குழிக்குள் இறக்கினார்கள். இறக்கும்போது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மட்டையில் கால் வைத்தாள். நின்றாள். பலகை போடவில்லை. இடுப்புவரை மண்ணுக்குள், மேலே அவள். அங்கிருந்து பாடினாள். ராஜா ஃபைலை மூடிவிட்டுத் திரும்பிப் போகிறான், அவள் நிறுத்தவில்லை. பிரெஞ்சில் என்ன பாடினாள் என்று தெரியாது. டீச்சரிடம் அப்புறம் கூடக் கேட்கவில்லை.

முடிந்தது. கை தட்டினார்கள். விளக்கு அணையும்வரை யாரும் நகரக்கூடாது, அணைந்ததும் கிளேரை ஆட்கள் வந்து தூக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். விளக்கு அணையவில்லை. தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் குழிக்குள் நின்றுகொண்டு கும்பிட்டாள். ஒரு கையால் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மட்டை மேல் காலை மாற்றி மாற்றி வைத்தாள்.

மம்பட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நடந்தேன். ஓரத்திலிருந்து எலோடி, வேண்டாம் என்று கையைக் காட்டினாள். பார்த்தேன். குழியருகில் போய்க் காலை அகட்டி நின்று கையை நீட்டினேன். பிணக்குழியாக இருந்தால் கை கொடுத்திருக்க மாட்டேன், அதற்குள் கை நீட்டக்கூடாது.

கிளேர் பிடித்துக்கொண்டாள். தூக்கினேன். பார்த்தால் ஒல்லியாக இருப்பாள். நல்ல கனம். இரண்டு ஆள் கனம்.